பில்லையும் சேர்த்து அச்சிடுங்கள்: அமெரிக்க ஹாட் ராட் இதழ்களின் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நான் ஒஹையோவில் வசிக்கும் தமிழன். வாரநாட்களில் அலுவலகம், சனி ஞாயிறு கராஜில் கார் வேலை. உங்கள் இதழ்களைப் பல வருடங்களாகக் காசு கொடுத்து வாங்கிப் படிப்பவன். இந்த மடலின் ஆங்கில வடிவம் தபாலில் உங்களுக்கு வரும். தமிழிலும் எழுதக் காரணம் இருக்கிறது. பழைய வண்டியைப் பிரித்துப் போட்டுவிட்டு, அடுத்த பாகம் வாங்க அடுத்த சம்பளத்துக்காகக் காத்திருக்கும் தமிழர்கள் இந்த நாட்டில் எனக்குத் தெரிந்தே பலர். அவர்களும் இந்தப் பேச்சில் சேர்ந்துகொள்ளட்டும்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். சாதாரண சம்பளக்காரர் ஒருவர் தன் கையால், தன் காசில் கட்டிய வண்டி ஒன்றை ஒவ்வொரு இதழிலும் போடுங்கள். வண்டி வீட்டுக்கு வந்த நாளில் தொடங்கி ரோட்டில் ஓடும் நாள் வரைக்கும் போடுங்கள். என்ன செலவானது என்ற கணக்கையும் பக்கத்திலேயே அச்சிடுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான். ஆனால் இதைச் செய்ய உங்கள் இதழின் அமைப்பிலேயே சிலவற்றை மாற்ற வேண்டியிருக்கும் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் கடிதம் நீளமாகிறது.

ஹாட் ராட் என்றால் என்ன என்று கேட்கும் தமிழ் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. பழைய, மலிவான காரை வாங்கி, தேவையில்லாத பாரத்தைக் கழற்றிப் போட்டு, வேறொரு வண்டியின் பெரிய எஞ்சினைத் தூக்கி வைத்து, வேகமாக ஓட வைப்பதுதான் ஹாட் ராட். இதைத் தொடங்கி வைத்தவர்கள் பணக்காரர்கள் இல்லை. 1932-ல் ஃபோர்டு கம்பெனி 65 குதிரைத்திறன் கொண்ட வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சினைச் சாமானியர்கள் வாங்கும் காரில் போட்டது. அந்தக் காரின் ரோட்ஸ்டர் (திறந்த கூரை) வகை புதிதாகவே 500 டாலருக்குள் கிடைத்தது. சில வருடம் கழித்து செகண்ட் ஹேண்டில் இன்னும் மலிந்தது. அடிபட்டு நசுங்கியவை காயலான் கடைக்குப் போய்ச் சேர்ந்தன. தெற்குக் கலிஃபோர்னியாவின் இளைஞர்கள் அங்கிருந்துதான் எல்லாவற்றையும் எடுத்தார்கள். மட்கார்டைக் கழற்றினார்கள். மெர்க்குரி காரின் பெரிய எஞ்சினைக் கொண்டுவந்து ஃபோர்டில் பொருத்தினார்கள். ஃபோர்டு 1939-ல் ஹைட்ராலிக் பிரேக்குக்கு மாறியதும், அந்தப் பிரேக்கைக் கழற்றி 1932 வண்டியில் மாட்டினார்கள். மியூராக், எல் மிராஜ் என்ற வறண்ட ஏரிப் படுகைகளுக்கு ஓட்டிப்போய், எவ்வளவு வேகம் போகிறது என்று அளந்து பார்த்தார்கள். அந்த ஓட்டங்களை ஒழுங்காக நடத்துவதற்கென்றே 1937-ல் தெற்குக் கலிஃபோர்னியா டைமிங் அசோசியேஷன் உருவானது.

உங்கள் தொழில் பிறந்ததும் இந்தக் கூட்டத்திலிருந்துதான். 1948 ஜனவரியில் ராபர்ட் பீட்டர்சனும் ராபர்ட் லிண்ட்சேயும் ‘ஹாட் ராட்’ இதழைத் தொடங்கி, லாஸ் ஏஞ்சலஸில் நடந்த ஹாட் ராட் கண்காட்சிக்கு வந்தவர்களிடம் 25 சென்ட்டுக்கு விற்றார்கள். அதே வருடம் ஜூன் மாத அட்டையில் வந்தது எட் இஸ்கெண்டேரியனின் டி மாடல் ரோட்ஸ்டர். பல வண்டிகளின் பாகங்களைச் சேர்த்து அவரே கட்டியது. பின்னாளில் கேம் ஷாஃப்ட் (எஞ்சின் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) என்றாலே அவர் பெயர் சொல்லும் அளவுக்கு வளர்ந்தவர், அன்று அந்தக் கூட்டத்தில் ஒருவர். 1949-ல் ஆசிரியரான வாலி பார்க்ஸும் ஏரிப் படுகைக் கூட்டத்துக்காரர்தான். தெரு ரேஸை ஓரங்கட்டி முறையான டிராக் ரேஸை (குறுகிய நேர்பாதையில் ஓடும் வேகப் போட்டியை) கொண்டுவர 1951-ல் என்.எச்.ஆர்.ஏ. அமைப்பைத் தொடங்கியவரும் அவரே. 1953-ல் ‘ராட் அண்ட் கஸ்டம்’ வந்தது. அதே வருடம் ‘ஹாங்க்’ என்ற பெயரில் தொடங்கிய இதழ் சில மாதங்களில் ‘கார் கிராஃப்ட்’ ஆனது. இரண்டும் கையடக்க அளவில் வந்த இதழ்கள். சட்டைப் பையில் செருகிக்கொண்டு பட்டறைக்குப் போகலாம்.

அந்தக் காலத்து இதழ்கள் கண்காட்சிச் சந்தைகளில் பெட்டி பெட்டியாக இன்றும் கிடைக்கின்றன. புரட்டிப் பாருங்கள். படங்கள் கறுப்பு வெள்ளை, பாதி மங்கல். ஆனால் ஒரு பிராக்கெட்டைப் பற்றி எழுதினால் அதன் நீளம், அகலம், துளைக்குத் துளை தூரம் எல்லாம் கோட்டுப் படத்தில் இருக்கும். எந்தக் காரின் எந்த வருடத்துப் பாகம் எந்தக் காரில் சேரும் என்று பட்டியல் இருக்கும். எழுதியவரும் படிப்பவரும் ஒரே கடையில் சாமான் வாங்குகிறவர்கள் என்பது வரிக்கு வரி தெரியும்.

இனி இன்றைய இதழுக்கு வருவோம். புகைப்படம் பிரமாதம், தாள் பளபளப்பு. கட்டுரையின் முதல் பக்கத்தில் களஞ்சியத்தில் கிடந்த துருப்பிடித்த கூடு. அடுத்த பக்கத்தில் அந்தக் கூடு ஒரு பெரிய ஷாப்புக்குப் போகிறது. மூன்றாம் பக்கத்தில் கண்ணாடி மாதிரி பெயிண்ட், உள்ளே தைத்த தோல் சீட், அடியில் கம்பெனியே செய்து கொடுத்த சேஸிஸ். நடுவில் என்ன நடந்தது? கதவு இடைவெளியை எப்படிச் சரி செய்தார்கள்? அடித்தட்டு ஓட்டையை எந்தத் தகட்டால் அடைத்தார்கள்? ஒன்றும் இருக்காது. கடைசிப் பத்தியில் பத்துப் பன்னிரண்டு கம்பெனிகளுக்கு நன்றி மட்டும் இருக்கும்.

இந்தப் போக்கு நேற்று வந்ததில்லை. 1980-களிலும் 90-களிலும் பாய்ட் கோடிங்டன் போன்ற பெரிய கட்டுநர்கள் அலுமினியக் கட்டியைக் கடைந்து செய்த சக்கரங்களும் பாகங்களும் வந்தபோது, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அவர் கைத்திறனை நான் குறை சொல்லவில்லை. டெட்ராய்ட் ஆட்டோராமா கார் கண்காட்சியில் ரிட்லர் விருதுக்கு வரும் வண்டிகளை நானே வரிசையில் நின்று பார்க்கிறேன். அப்படி ஒரு வண்டி இதழில் வரட்டும், தாராளமாக வரட்டும். ஆனால் அதுதான் ஹாட் ராட் என்று ஆகிவிட்டால், கையில் 3,000 டாலர் வைத்திருக்கும் பையன் இதழை மூடி வைத்துவிட்டு வேறு பொழுதுபோக்கு தேடுவான். தேடியும் விட்டான்.

அச்சு இதழ்கள் நின்றதற்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். விளம்பரமும் வாசகர்களும் இணையத்துக்குப் போனது எல்லா இதழ்களையும்தான் அடித்தது. 2014-ல் ‘பாப்புலர் ஹாட் ராடிங்’கும் ‘ராட் அண்ட் கஸ்டம்’மும் நின்றன. 2019 டிசம்பரில் ‘ஹாட் ராட்’ இதழை நடத்திய குழுமம், ஒரே அறிவிப்பில் 19 கார் இதழ்களின் அச்சுப் பதிப்பை நிறுத்துவதாகச் சொன்னது. ‘கார் கிராஃப்ட்’, ‘ஸ்ட்ரீட் ராடர்’, ‘சூப்பர் செவி’, ‘மஸ்டாங் மன்த்லி’ எல்லாம் அதில் அடக்கம். அந்தக் குழுமத்தில் தப்பியவை ‘ஹாட் ராட்’ உட்பட மூன்றே மூன்று. அந்தப் பட்டியலைப் படித்தபோது எனக்கு அதிகம் வலித்தது ‘கார் கிராஃப்ட்’டுக்காக. மலிவாகக் கட்டுபவனை ஓரளவாவது மனதில் வைத்து எழுதிய இதழ் அது.

ஆனால் மலிவு வண்டிக்கு வாசகர் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். உங்கள் வீட்டிலேயே சாட்சி இருக்கிறது. 2012-ல் டேவிட் ஃப்ரைபர்கரும் மைக் ஃபின்னெகனும் ‘ரோட்கில்’ நிகழ்ச்சியை யூடியூபில் தொடங்கினார்கள். ஃப்ரைபர்கர் அப்போது ‘ஹாட் ராட்’ ஆசிரியர். துருப்பிடித்த வண்டியை எங்கேயோ வாங்கி, அங்கேயே ரிப்பேர் செய்து, வழியில் நின்றால் அங்கேயே படுத்து மறுபடி ரிப்பேர் செய்து, வீடு வரை ஓட்டி வருவது. பல லட்சம் பேர் அதைப் பார்த்தார்கள். பெயிண்ட் உரிந்த வண்டியைப் பார்த்து யாரும் முகம் சுளிக்கவில்லை. வண்டி ஓடுமா ஓடாதா என்பதுதான் எல்லோருக்கும் வேண்டியிருந்தது.

அடுத்த வீட்டையும் பாருங்கள். ‘கிராஸ்ரூட்ஸ் மோட்டார்ஸ்போர்ட்ஸ்’ இதழ் 1999-ல் தொடங்கிப் பல வருடங்களாக ஃப்ளோரிடாவில் ஒரு போட்டி நடத்திவருகிறது. வண்டியின் விலையும் சேர்த்து மொத்தச் செலவு 2,000 டாலரை ஒட்டி இருக்க வேண்டும். டிராக் ரேஸ் ஓட வேண்டும், கூம்புகளுக்கு நடுவே ஆட்டோகிராஸ் ஓட வேண்டும், கடைசியில் நடுவர்கள் வந்து கைவேலையைப் பார்ப்பார்கள். செலவுக்கு எல்லாவற்றுக்கும் கணக்கு காட்டியாக வேண்டும். ஒரு இதழ் நினைத்தால் என்ன செய்யலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. போட்டியிலிருந்து வாசகர், வாசகரிடமிருந்து கட்டுரை, கட்டுரையிலிருந்து அடுத்த வருடப் போட்டியாளர் என்று அது தானாகச் சுற்றுகிறது.

நான் எந்த மாதிரிக் கட்டுரையைக் கேட்கிறேன் என்று ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

1995 முதல் 2001 வரை வந்த ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரை எடுத்துக்கொள்வோம். காயலான் கடைகளில் அந்த வண்டிக்குப் பஞ்சமே இருந்ததில்லை. அதன் பின் ஆக்சிலில் (பின் சக்கரங்களைச் சுழற்றும் அச்சுத் தொகுதியில்) 8.8 அங்குல ரிங் கியர் (உள்ளே இருக்கும் பெரிய பல்சக்கரம்), 31 ஸ்ப்லைன் (முனையில் வெட்டிய பல்வரி) ஷாஃப்ட், டிஸ்க் பிரேக் எல்லாம் கம்பெனியிலிருந்தே வருகின்றன. ஆக்சிலின் நடுவே இருக்கும் டிஃபரன்ஷியல் மூடியின் போல்ட் ஒன்றில் சின்னத் தகடு தொங்கும். அதைத் துடைத்துப் பார்த்து 3L73 என்று இருந்தால் கியர் விகிதம் 3.73, நடுவில் இருக்கும் எல் எழுத்து லிமிடெட் ஸ்லிப், அதாவது ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றதுக்கும் சக்தி போகும் வகை. எல் இல்லாமல் வெறும் புள்ளியோ இடைவெளியோ இருந்தால் சாதா. இதே பலத்தில் ஒன்பது அங்குல ரிங் கியர் கொண்ட ஆக்சிலைப் புதிதாகக் கட்டி வாங்கினால் ஆயிரக்கணக்கில் போகும். காயலான் கடையில் இது சில நூறு டாலர்.

ஆனால் அதை அப்படியே பழைய மஸ்டாங்கிலோ ஃபால்கனிலோ மாட்ட முடியாது. அகலம் அதிகம். பினியனும் (எஞ்சின் சக்தி உள்ளே வரும் சிறு பல்சக்கரம்) நடுவில் இல்லை, பயணி உட்காரும் பக்கம் தள்ளி இருக்கிறது. அதனால் டிரைவர் பக்கக் குழாய் மற்றதைவிட ஏறக்குறைய மூன்று அங்குலம் நீளம். கையில் காசில்லாத யாரோ இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். நீளமான குழாயை அந்த அளவுக்கு வெட்டி, நேராகப் பற்றவைத்துவிட்டு, இன்னொரு எக்ஸ்ப்ளோரரிலிருந்து குட்டைப் பக்கத்து ஷாஃப்ட் ஒன்றைக் கழற்றிக்கொண்டு வந்து அதில் போட வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே நீளம் ஆகிவிடும், பினியன் கிட்டத்தட்ட நடுவுக்கு வந்துவிடும், அகலமும் பழைய வண்டிக்குத் தக்கபடி குறையும். ஷாஃப்ட்டை லேத்தில் கொடுத்து வெட்டிப் புதிதாக ஸ்ப்லைன் போடும் செலவே கிடையாது.

நான் கழற்றிய ஆக்சிலில் யூ-போல்ட் நட்டுகள் எல்லாம் ஒஹையோ குளிர்காலத்து ரோட்டு உப்பில் ஊறி ஒரே இரும்பாகக் கட்டிப் போயிருந்தன. அந்தக் கடையில் வெட்டும் டார்ச்சுக்கு அனுமதி இல்லை. துரு இளக்கும் எண்ணெயை ஊற்றிக் காத்திருந்து, நீளக் கைப்பிடி போட்டுத் திருகி, ஒவ்வொன்றாகத் திருகியே முறித்தோம். எப்படியும் அந்த போல்ட்டுகளைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது, ஆகவே முறிவது லாபம்தான். வீட்டுக்கு வந்ததும் பக்கத்துத் தெருவில் இருக்கும் ஓய்வு பெற்ற மெஷினிஸ்ட் ஒருவர் தன் அலைன்மென்ட் கம்பியை இரவல் கொடுத்தார். நடுவில் பேரிங் இருக்கும் இடத்திலும் குழாயின் முனையிலும் வட்டத் தட்டுகளை மாட்டி, அந்தக் கம்பியை நுழைத்து, அது கையால் தள்ளினாலே வழுக்கிக்கொண்டு போகும் வரை குழாயை நேர் பார்க்க வேண்டும். ஒரு புள்ளி வெல்டிங், ஆறவிட்டு மறுபடி சோதனை, எதிர்ப்பக்கத்தில் ஒரு புள்ளி. அவசரப்பட்டு ஒரே சுற்றாகப் பற்றவைத்தால் சூட்டில் குழாய் வளைந்துவிடும். நடுவிலிருக்கும் வார்ப்பிரும்புக் கூட்டில் குழாயைக் கம்பெனியில் வெறும் சில புள்ளிகளில்தான் பிடிக்க வைத்திருப்பார்கள், அதிக சக்தி வந்தால் குழாய் உள்ளேயே சுழன்றுவிடலாம். அதைச் சுற்றிப் பற்றவைப்பது வார்ப்பிரும்பு வேலை. முன்னாலேயே சூடாக்கி, நிக்கல் ராடு போட்டு, மெதுவாக ஆறவிடத் தெரிந்தவரிடம் கொடுப்பது நல்லது.

இந்த ஒரு வேலைக்கு எட்டுப் பக்கம் கொடுங்கள். எந்த இடத்தில் வெட்டுவது, கைபிரேக் கேபிளை எப்படி மாற்றுவது, லீஃப் ஸ்பிரிங் பட்டைகளை எந்தக் கோணத்தில் பற்றவைப்பது, கடைசியில் மொத்தம் எவ்வளவு ஆனது. ஒரு காலத்தில் இதையெல்லாம் நீங்கள் எழுதியவர்கள்தான். இப்போது பின் ஆக்சில் கட்டுரை என்றாலே, பெட்டியைப் பிரிப்பது, உள்ளே இருக்கும் பளபள ஆக்சிலைப் படமெடுப்பது, நாலு போல்ட் போட்டு மாட்டுவது என்று முடிந்துவிடுகிறது. அது வாங்கும் வழிகாட்டி. கட்டும் வழிகாட்டி ஆகாது.

இந்த மாதிரி விஷயங்கள் நூற்றுக்கணக்கில் சிதறிக் கிடக்கின்றன. 1996 முதல் 2000 வரை வந்த செவர்லே டிரக்குகளின் 350 கன அங்குல எஞ்சினில் இருக்கும் வோர்டெக் ஹெட்டை (சிலிண்டர்களின் மேல்மூடியை) எடுத்துக்கொள்ளுங்கள். வார்ப்பு எண்ணின் கடைசி மூன்று இலக்கம் 906 அல்லது 062. செவர்லேயின் பழைய ஸ்மால் பிளாக் வி8 எஞ்சினில் மாட்டினால் மூச்சு நன்றாக விடும், அந்த விலைக்கு வேறு ஹெட் கிடையாது. ஆனால் இன்டேக் மேனிஃபோல்டும் (காற்றை உள்ளே கொண்டுபோகும் குழாய்த் தொகுதியும்) அதற்கென்றே தனியாக வேண்டும், எட்டு போல்ட்தான். கொஞ்சம் பெரிய கேம் போட்டாலே வால்வ் ஸ்பிரிங் தட்டு கைடில் இடிக்கும். வாங்குவதற்கு முன் வால்வ் சீட்டுகளுக்கு நடுவே விரிசல் இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். இதைத் தெரிந்துகொண்டு கடைக்குப் போகிறவனுக்கும் தெரியாமல் போகிறவனுக்கும் நடுவே பல நூறு டாலர் வித்தியாசம். அந்த வித்தியாசத்தை நிரப்பத்தான் இதழ் வேண்டும்.

“யூடியூபில் எல்லாம் இருக்கிறதே” என்பீர்கள். இருக்கிறது, நானும் பார்க்கிறேன். ஆனால் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, கையெல்லாம் கிரீஸோடு, அந்த ஒரு அளவைத் தேடி வீடியோவை முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். அச்சில் இருந்தால் பக்கத்தைத் திறந்து தரையில் போட்டுவிடலாம். வயரிங் படம், போல்ட்டை எவ்வளவு இறுக்குவது என்ற டார்க் அளவு, பாக எண் பட்டியல் இவையெல்லாம் தாளுக்கென்றே பிறந்தவை. அப்புறம் இன்னொன்று. வீடியோவில் யாரும் யாரையும் சரிபார்ப்பதில்லை. இதழுக்கு ஆசிரியர் இருக்கிறார். எழுதியவர் சொன்ன அளவு சரிதானா என்று அச்சுக்குப் போகும் முன் ஒருவர் டேப் பிடித்துப் பார்ப்பார் என்ற நம்பிக்கைக்குத்தான் நாங்கள் காசு கொடுக்கிறோம்.

பணம் பற்றியும் வெளிப்படையாகப் பேசிவிடலாம். சந்தாவை மட்டும் வைத்து இதழ் நடத்த முடியாது, பாகம் விற்கும் கம்பெனிகளின் விளம்பரம் வேண்டும். காயலான் கடை ஆக்சிலைப் பற்றி எழுதினால் ஆக்சில் விற்பவர் சந்தோஷப்பட மாட்டார். சரி. ஆனால் மலிவாகக் கட்டுபவனும் வாங்குகிறான். அவன் ஆக்சிலைக் கடையில் கழற்றினாலும் பேரிங், சீல், பிரேக் பேடு, ஆயில், வெல்டிங் கம்பி, கட்டிங் டிஸ்க் எல்லாம் புதிதாகத்தான் வாங்க வேண்டும். ஓடும் வண்டி வைத்திருப்பவன்தான் அடுத்த வருடம் நல்ல கார்புரேட்டர் வாங்குவான். ஏரிப் படுகையில் தன் ரோட்ஸ்டரை ஓட்டிச் சோதித்துப் பார்த்த விக் எடெல்பிராக்கின் பெயர்தான் இன்று உங்கள் பக்கங்களில் விளம்பரமாக வருகிறது. தங்கள் கம்பெனிகள் எங்கே முளைத்தன என்பதை அந்த விளம்பரதாரர்களிடம் எடுத்துச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.

கணக்கு போடும்போது நேர்மை வேண்டும். கம்பெனி இலவசமாகக் கொடுத்த பாகத்துக்குப் பூஜ்யம் போடாதீர்கள், கடை விலையைப் போடுங்கள். நண்பர் ஓசியில் பெயிண்ட் அடித்துக் கொடுத்தால், வெளியில் கொடுத்திருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று ஒரு வரி சேருங்கள். கருவிகளையும் கணக்கில் கொண்டுவாருங்கள். மிக் வெல்டர் இல்லாதவனிடம் “அதைப் பற்றவையுங்கள்” என்று ஒரே வரியில் சொல்வது நியாயமில்லை. கழற்றி விற்ற பாகங்களில் வந்த காசையும் எழுதுங்கள். மலிவாகக் கட்டுகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள்.

ஒரு இடத்தில் மட்டும் சிக்கனம் கூடாது. 2006-ல் தொடங்கிய ‘24 அவர்ஸ் ஆஃப் லெமன்ஸ்’ ரேஸில் வண்டிக்கு 500 டாலர் வரம்பு. ஆனால் ரோல் கேஜ் (வண்டி கவிழ்ந்தால் காக்கும் கம்பிக் கூண்டு), சீட், பெல்ட், பிரேக் போன்ற பாதுகாப்புச் சாமான்கள் அந்த வரம்புக்குள் வராது. அந்த விதியை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். பிரேக், ஸ்டியரிங், டயர், பெட்ரோல் குழாய் இவற்றில் பழசை நம்பாதே என்று ஒவ்வொரு கட்டுரையிலும் தெளிவாகச் சொல்லுங்கள். ஓட்டுபவன் மட்டுமில்லை, எதிரே வருபவரும் அதை நம்பித்தான் வருகிறார்.

எந்த வண்டியைக் கட்டுவது என்ற கேள்வியும் இருக்கிறது. 1932 ஃபோர்டு இன்று ஏழை வண்டி கிடையாது. அதன் பாடியையே புதிய இரும்புத் தகட்டில் அச்செடுத்து விற்கிறார்கள், விலை தொட முடியாத உயரத்தில். அதைப் பழைய கௌரவத்துக்காக வணங்கிக்கொண்டிருந்தால் 1932-ல் இருந்த மனசு நமக்குப் புரியவில்லை என்றுதான் அர்த்தம். அன்று மலிவாக, நிறையக் கிடைத்தது அது. இன்று மலிவாக, நிறையக் கிடைப்பவை வேறு. நாலு கதவு என்பதற்காக யாரும் சீண்டாத 1970-களின் செடான்கள், செவர்லே எஸ்-10 பிக்கப், போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கிரௌன் விக்டோரியா. அந்தக் கிரௌன் விக்டோரியாவின் முன் சஸ்பென்ஷன் 2003 மாடல் முதல் ஒரே தொகுதியாகக் கழன்று வரும். பழைய எஃப்-100 பிக்கப்புக்கு அடியில் அதைப் போடுபவர்கள் நிறைய. எஞ்சின் என்றால் 1999 முதல் செவர்லே டிரக்குகளில் வந்த 4.8, 5.3 லிட்டர் வார்ப்பிரும்பு வி8. அன்றைய ஃபோர்டு வி8-க்கு இன்று வாரிசு யார் என்று கேட்டால் நான் கை காட்டுவது இவற்றைத்தான். மலிவு, எங்கும் கிடைக்கும், அடி தாங்கும். ஹோண்டா சிவிக்கில் டர்போ போடும் பத்தொன்பது வயதுப் பையனும் பெண்ணும் ஹாட் ராட் கட்டுபவர்களே. அவர்களையும் உள்ளே கூப்பிடுங்கள்.

இதைக் கால தாமதம் இல்லாமல் செய்ய வேண்டும் என்று நான் அவசரப்படுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. காயலான் கடையும் மாறிவருகிறது. 2009-ல் பழைய வண்டியைக் கொடுத்துப் புது வண்டி வாங்கியவர்களுக்கு அரசு 4,500 டாலர் வரை சலுகை கொடுத்தபோது, ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் போயின. அவற்றின் எஞ்சினில் சோடியம் சிலிகேட் கரைசலை ஊற்றி ஓடவிட்டு இறுகச் செய்தார்கள், யாரும் மறுபடி பயன்படுத்தக் கூடாது என்பதற்காகவே. கட்ட இடமும் சுருங்குகிறது. பல குடியிருப்புகளில் வீட்டு முன் ஜாக்கில் ஒரு வண்டி நின்றாலே சங்கத்திலிருந்து நோட்டீஸ் வரும். அபார்ட்மென்ட்டில் இருப்பவனுக்கு கராஜே கிடையாது. பல உயர்நிலைப் பள்ளிகளில் ஆட்டோ ஷாப் வகுப்பை மூடிவிட்டார்கள். ஆனால் கம்யூனிட்டி காலேஜில் மாலை நேர வெல்டிங் வகுப்பு இருக்கிறது, ராணுவ முகாம்களில் வீரர்களுக்கென்று ஹாபி ஷாப் இருக்கிறது, சில ஊர்களில் மணிக்கணக்கில் வாடகைக்கு லிஃப்ட் கொடுக்கும் பட்டறைகளும் வந்திருக்கின்றன. இடமில்லாதவன் எங்கே, எப்படிக் கட்டுகிறான் என்று ஒரு தொடர் போட்டால், அதைக் கத்தரித்து வைத்துக்கொள்ளும் ஆட்கள் நிறைய இருப்பார்கள்.

முடியாமல் போன வண்டிகளையும் போடுங்கள். எஞ்சின் வைத்த பிறகு ஸ்டியரிங் கம்பி இடித்தது, மேனிஃபோல்ட் சேஸிஸில் உரசியது, காசு தீர்ந்து ஒரு வருடம் தார்ப்பாய்க்குள் கிடந்தது. எங்கே நின்றது, ஏன் நின்றது என்று எழுதினால் பத்துப் பேர் அந்த இடத்தைத் தாண்டுவார்கள். பெயிண்ட் அடிக்காமல் பிரைமரோடு ஓடும் வண்டியை அட்டையில் போடத் தயங்காதீர்கள். கட்டியவர் என்ன வேலை பார்க்கிறார் என்று ஒரு வரி சேர்த்தால் இன்னும் நல்லது. பள்ளிப் பேருந்து ஓட்டுபவர், நர்ஸ், கிடங்கில் இரவு ஷிஃப்ட் பார்ப்பவர் கட்டிய வண்டி என்று தெரிந்தால், படிக்கிறவனுக்கும் துணிச்சல் வரும்.

எங்கே தொடங்குவது என்று யோசிக்க வேண்டாம். அடுத்த இதழில் ஒரு அறிவிப்பு போடுங்கள்: வண்டி விலையோடு சேர்த்து 5,000 டாலருக்குள் கட்டி, நம்பர் பிளேட்டோடு ரோட்டில் ஓடும் வண்டி. பில், படம், அளவுகளோடு வாசகர்கள் அனுப்பட்டும். தேர்ந்தெடுத்தவரிடம் உங்கள் ஆள் ஒருவரை அனுப்பி, அந்த வண்டியில் நூறு மைல் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதச் சொல்லுங்கள். எழுதுகிறவர் கையில் டேப் இருக்கட்டும். என் பக்கத்துத் தெரு மெஷினிஸ்ட்டிடம் இப்படி ஒன்று கேட்டு எழுதப் போகிறேன் என்று சொன்னேன். தன் வண்டியின் பில்களையெல்லாம் ஒரு காபி டப்பாவில் போட்டு வைத்திருப்பதாகவும், அறிவிப்பு வந்தால் முதல் ஆளாக அனுப்புவதாகவும் சொல்லச் சொன்னார்.

அன்புடன்,
ஒஹையோவிலிருந்து உங்கள் வாசகன்